சைக்கிள் ஃப்ரேம்ல மாட்டின பம்ப் தொல்லை பண்ணுதா? அறிகுறி பாத்து சரி பண்ற வழி

மினி பம்ப் வாங்குறது ஈஸி, அதை ஃப்ரேம்ல ஒழுங்கா உக்கார வைக்கிறதுல தான் வேலையே இருக்கு. டப்பாவைத் திறந்தா ஒரு பிளாஸ்டிக் பிராக்கெட், ஒரு வெல்க்ரோ இல்லனா ரப்பர் ஸ்ட்ராப், அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டு நீளமான போல்ட், அப்புறம் கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல படம் போட்ட ஒரு துண்டு பேப்பர். முக்கால்வாசி பேர் அந்தப் பேப்பரைப் பிரிக்கிறதே இல்ல, பாட்டில் கேஜ் (தண்ணி பாட்டில் சொருகுற கூடு) போல்ட்டைக் கழட்டி பிராக்கெட்டை உள்ள சொருகி ரெண்டு முறுக்கு முறுக்கிட்டுக் கிளம்பிடுறாங்க, தெருமுனை ஸ்பீட் பிரேக்கர்லயே லொட லொடன்னு ஆரம்பிச்சிடுது.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், கீழ வர்ற பிரச்சனைல பாதிக்கு இது தான் விஷயம். பிராக்கெட்ல பம்ப் சொருகுற அந்த பிளாஸ்டிக் கிளிப் இருக்கு பாருங்க, அது பம்பைப் பிடிச்சு வைக்கிறதுக்கு இல்ல, பம்ப் எங்க உக்காரணும்னு இடம் காட்டுறதுக்கு தான். பிடிச்சு வைக்கிறது ஸ்ட்ராப். "கிளிப்பே நல்லா டைட்டா தானே இருக்கு"ன்னு ஸ்ட்ராப்பைத் தூக்கி டிராயர்ல போட்டவங்க பம்ப் எல்லாம் எங்கயோ ஹைவே ஓரத்துல கிடக்கும்.

இன்னொரு வகை ஃப்ரேம் பம்ப், ஜெஃபால் ஹெச்பிஎக்ஸ், சில்கா இம்பெரோ மாதிரி முழு நீளத்துக்கு இருக்கிறது, பிராக்கெட் எதுவும் இல்லாம ஸ்பிரிங் அழுத்தத்துல ஃப்ரேமுக்குள்ளயே இறுகி நிக்கும். அதுக்குத் தொல்லைங்க வேற, அதைத் தனியா பாப்போம்.

ஓட்டும்போது கட கடன்னு சத்தம்

உடனே அலன் கீயை (ஆறு முனை இருக்கிற எல் வடிவ சாவி) தூக்காதீங்க. முதல்ல பம்பைக் கழட்டி வீட்ல வெச்சுட்டு அதே ரோட்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. சத்தம் இன்னும் வருதுன்னா பம்ப் மேல பழி போட வேண்டாம், பாட்டிலோ பெல்லோ சீட்டுக்குக் கீழ பையில கிடக்கிற டயர் லீவரோ தான் ஆடுது, ஃப்ரேம் டியூப் உள்ள காலியா இருக்கிறதால சத்தம் எங்கிருந்து வருதுன்னு காதால கண்டுபிடிக்கவே முடியாது, நல்லா ஏமாத்தும்.

பம்ப் இல்லாதப்ப சத்தம் இல்லனா அடுத்த டெஸ்ட். பம்பை மாட்டி, முன் சக்கரத்தை ஒரு ஜாண் தூக்கி கீழ போடுங்க. லொட்டுன்னு கேக்கும். இப்போ ஒரு கையால பம்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அதே மாதிரி போடுங்க. சத்தம் நின்னுடுச்சுன்னா பம்புக்கும் கிளிப்புக்கும் நடுவுல ஆட்டம் இருக்குன்னு அர்த்தம், பழைய டியூப்ல இருந்து ஒரு ரெண்டு விரல் அகலத்துக்கு வளையம் மாதிரி வெட்டி பம்ப் உடம்புல கிளிப் உக்கார்ற இடத்துல மாட்டிடுங்க, கிளிப் கொஞ்சம் சிரமப்பட்டு ஏறும், அந்த டைட் தான் வேணும். இன்சுலேஷன் டேப் சுத்துறவங்களும் உண்டு, நம்ம ஊர் வெயில்ல அந்தப் பசை உருகி பம்ப் முழுக்க பிசுபிசுன்னு ஆயிடும், டியூப் ரப்பரே பெஸ்ட்டு.

கையால பிடிச்சும் சத்தம் வருதா? அப்போ பம்புக்கு உள்ள. காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க. உள்ள சுருட்டி வெச்சிருக்கிற ஹோஸ் பைப் ஆடலாம், இல்லனா கைப்பிடி லாக் ஆகாம பாதி வெளிய நின்னுட்டு ஒவ்வொரு குழிக்கும் உள்ள வெளிய போய்ட்டு வரலாம். சில பம்ப்ல கைப்பிடியை அமுக்கி ஒரு கால் சுத்து திருப்பினா தான் லாக் விழும், அது நிறைய பேருக்குத் தெரியிறதே இல்ல. ஹோஸ் தான் ஆடுதுன்னா அது மேல ஒரு துண்டு டியூப் ரப்பர் ஏத்தி உள்ள தள்ளிட்டா அடங்கிடும்.

கட கட இல்லாம கிறீச் கிறீச்னு ஒவ்வொரு பெடலுக்கும் வருதுன்னா அது கேஜும் பிராக்கெட்டும் உரசுற சத்தமா இருக்கலாம். ரெண்டுத்தையும் கழட்டி மண்ணைத் துடைச்சு, தொடுற இடத்துல லேசா கிரீஸ் தடவி மாட்டுங்க.

குழில இறங்கினா பம்ப் தெறிச்சு விழுது

ஸ்ட்ராப் இருக்கா, முதல் கேள்வி அது தான். இருந்தும் விழுதுன்னா கிளிப் வாய் எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்குன்னு கவனிங்க. டவுன் டியூபுக்கு (ஹேண்டில் பக்கத்துல இருந்து பெடலுக்குச் சாய்வா இறங்குற குழாய்) அடிப்பக்கம் போல்ட் ஓட்டை இருக்கிற சைக்கிள்ல அங்க மாட்டினா கிளிப் வாய் தரையைப் பாக்கும், ஒவ்வொரு குலுக்கலும் பம்பைக் கீழ தள்ளும். வாய் மேல் பக்கமோ சைடு பக்கமோ பாக்கணும்.

அப்புறம் கிளிப்புக்கு வயசு ஆகிடுச்சான்னு பாருங்க. வெயில்ல நின்னு நின்னு பிளாஸ்டிக் வெளுத்துப் போகும், நகத்தால அழுத்தினா கிளிப் வாய் ஓரமா வெள்ளை கோடு தெரியும், அது விரிசல் ஆரம்பம். அதை ஒட்டுறதெல்லாம் வேஸ்ட், எந்தப் பசையும் அந்த வளையிற இடத்துல நிக்காது. பிராக்கெட் மட்டும் தனியா கிடைச்சா வாங்குங்க, இல்லனா பிராக்கெட்டையே தூக்கிப் போட்டுட்டு பம்பை ரெண்டு வெல்க்ரோவால ஃப்ரேமோட சேத்துக் கட்டிடலாம். வெல்க்ரோ மழைல நனைஞ்சு மண் ஏறினா பிடி விட்டுடும், அதனால பல்லு பல்லா இருக்கிற ரப்பர் ஸ்ட்ராப் கிடைச்சா இன்னும் நல்லது.

டைட் பண்ணின போல்ட் திரும்பத் திரும்ப லூஸ் ஆகுது

நீங்க சரியா முறுக்கலன்னு இல்ல, பிளாஸ்டிக் அமுங்குது. போல்ட் தலைக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல பிளாஸ்டிக் பிராக்கெட் மாட்டிக்கிட்டு இருக்கிறதால ஒரு நாள் வெயில்ல நின்னாலே கொஞ்சம் தழைஞ்சு கொடுக்கும், இறுக்கம் போயிடும். புதுசா மாட்டினா முதல் ரைடு முடிஞ்சதும் இன்னொரு தடவை டைட் செக் பண்றது கட்டாயம். போல்ட் தலைக்குக் கீழ ஒரு அகலமான எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாஷர் போட்டா அழுத்தம் பரவி பிளாஸ்டிக்ல பள்ளம் விழாது.

உடனே லாக்டைட் (போல்ட் மரை லூஸ் ஆகாம பிடிக்கிற திரவப் பசை) ஊத்துறவங்க கவனத்துக்கு. அந்த மாதிரி திரவம் சில பிளாஸ்டிக்கைத் தின்னுடும், குறிப்பா ஏபிஎஸ்ஸும் பாலிகார்பனேட்டும் அது பட்டா விரிசல் விடும், சத்தமே இல்லாம பிராக்கெட் ரெண்டா பிளந்து நிக்கும். போட்டே ஆகணும்னா நீல கலர் வகை ஒரு சொட்டு, போல்ட் நுனி மரைல மட்டும், பிராக்கெட்ல படாம. சிவப்பு கலர் பக்கம் போகவே போகாதீங்க, அப்புறம் சூடு பண்ணித் தான் கழட்டணும்.

எவ்ளோ டைட்? பாட்டில் கேஜ் போல்ட்டுக்கு பெரும்பாலும் 3-ல இருந்து 5 நியூட்டன் மீட்டர்க்குள்ள தான் வரும், ஃப்ரேம் மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதான் கணக்கு. டார்க் ரென்ச் (எவ்ளோ முறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர்) இல்லாதவங்க அலன் கீயோட குட்டைப் பக்கத்தைக் கையில பிடிச்சு முறுக்குங்க, நீளப் பக்கத்தைப் பிடிச்சா தெரியாமலே ஓவரா முறுக்கிடுவோம்.

போல்ட் சும்மா சுத்துது, டைட்டும் ஆகல, கழலவும் மாட்டேங்குது

இது தான் எல்லாத்துலயும் பெரிய தலைவலி, கொஞ்சம் நிதானமா பாப்போம்.

அலுமினியம், கார்பன் ஃப்ரேம்ல டியூப் சுவர் ரொம்ப மெல்லிசு, அதுல நேரா மரை போட்டா நிக்காது. அதனால உள்ள மரை போட்ட ஒரு சின்ன குழாயை ஓட்டைக்குள்ள விட்டு அமுக்கி பிதுக்கி வெச்சிருப்பாங்க, அதுக்குப் பேரு ரிவ்நட். ஓவரா முறுக்கினாலோ, போல்ட் துரு ஏறி உள்ளயே இறுகிப் போனாலோ, அந்த ரிவ்நட் ஃப்ரேம்ல பிடி விட்டு போல்ட்டோட சேந்து சுத்த ஆரம்பிச்சிடும். கடற்கரை ரோட்ல, ஈசிஆர் மாதிரி இடத்துல அடிக்கடி ஓட்டுறவங்களுக்கு இது சீக்கிரமே வரும், உப்புக் காத்துல சாதா இரும்பு போல்ட் அலுமினியத்தோட சேந்தா ஒண்ணை ஒண்ணு அரிச்சுக்கிட்டு வெள்ளைப் பவுடர் மாதிரி பூத்து நிக்கும்.

கன்ஃபர்ம் பண்ண டார்ச் அடிச்சு போல்ட்டோட அடிப்பக்கத்தைப் பாருங்க. ஃப்ரேம் மேல ஒரு மெல்லிசான வளையம் தெரியும், போல்ட்டைத் திருப்பும்போது அந்த வளையமும் சேந்து சுத்தினா ரிவ்நட் தான் போச்சு. வளையம் அசையாம போல்ட் மட்டும் சுத்தினா மரை தேஞ்சிருக்கு. வளையமும் சுத்தல, போல்ட்டும் சுத்தல, கீ மட்டும் வழுக்குதுன்னா போல்ட் தலை ஓட்டை தான் உருண்டு போச்சு, 4 எம்எம் கீ போற தலையா இருந்தா ஒரு டி25 டார்க்ஸ் பிட்டை லேசா தட்டி இறக்கித் திருப்புங்க, பல தடவை வந்துடும்.

ரிவ்நட் சுத்துற கேஸ்ல முதல்ல போல்ட்டைச் சுத்தி துரு எடுக்கிற ஸ்பிரே அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க. காலைல கேஜையும் பிராக்கெட்டையும் ஃப்ரேம்ல இருந்து வெளிப்பக்கமா நல்லா இழுத்துப் பிடிச்சுக்கிட்டே போல்ட்டை மெதுவா கழட்டிப் பாருங்க, இழுக்கும்போது ரிவ்நட்டோட பிதுங்கின பாகம் டியூபோட உள்சுவத்துல அழுந்தி பிடி கிடைக்கும். அதுலயும் வரலன்னா வளையத்தை நோஸ் பிளையரால பிடிக்கணும், பிராக்கெட் மறைக்குதுன்னா யோசிக்காம பிராக்கெட்டை வெட்டி எடுத்துடுங்க, ஃப்ரேம் விலைக்கு முன்னாடி அந்த பிளாஸ்டிக் எம்மாத்திரம்.

போல்ட் வெளிய வந்துடுச்சுன்னா ரிவ்நட்டைத் திரும்ப இறுக்க வீட்லயே ஒரு வழி இருக்கு. ஹார்டுவேர் கடைல எம்5 அலன் போல்ட் ஒரு 30 எம்எம் நீளத்துல, எம்5 நட்டு ஒண்ணு, வாஷர் ரெண்டு மூணு வாங்கிக்குங்க. போல்ட்ல முதல்ல நட்டை தலை வரைக்கும் ஏத்திடுங்க, அப்புறம் வாஷர், எல்லாத்துக்கும் கிரீஸ். இப்போ போல்ட்டை ரிவ்நட்குள்ள நல்லா ஆழமா இறக்குங்க. போல்ட் தலையை அலன் கீயால அசையாம பிடிச்சுக்கிட்டு, நட்டை 8 எம்எம் ஸ்பேனரால டைட் பண்ற பக்கம் திருப்புங்க. நட்டு வாஷரை அமுக்கும், போல்ட் வெளிப்பக்கமா இழுபடும், உள்ள இருக்கிற ரிவ்நட் பிதுங்கி மறுபடியும் டியூபைப் பிடிக்கும். அரை சுத்துக்கு மேல ஒரே மூச்சுல போகாதீங்க, நிறுத்தி போல்ட்டைக் கொஞ்சம் அசைச்சுப் பாத்து, இன்னும் சுத்துதுன்னா மட்டும் அடுத்த அரை சுத்து. கை அழுத்தம் திடீர்னு கூடுற இடத்துல நிறுத்திடணும், அதுக்கு மேல போனா மரை பிச்சுக்கிட்டு வந்துடும்.

கார்பன் ஃப்ரேம்னா இந்த வேலையே வேண்டாம், நேரா நல்ல கடைக்குப் போங்க. பழைய ஸ்டீல் ஃப்ரேம்ல பெரும்பாலும் இந்தத் தொல்லையே கிடையாது, அதுல மரைக் குமிழை டியூபோட சேத்து பத்த வெச்சிருப்பாங்க.

போல்ட் ரெண்டு சுத்துலயே நின்னுடுது, இல்லனா பிடிச்ச மாதிரியே இல்ல

நீளம் தான். கேஜோட வர்ற போல்ட் பெரும்பாலும் 12 எம்எம் சுமாருக்கு இருக்கும். அதுல கேஜ் ஒரு 2, 3 எம்எம் தின்னும், பிராக்கெட் இன்னொரு 3-ல இருந்து 5 எம்எம் தின்னும், மிச்சம் ஃப்ரேமுக்குள்ள போறது 4-ல இருந்து 7 எம்எம் தான். எம்5 போல்ட்டுக்கு குறைஞ்சது 5 எம்எம்மாவது உள்ள பிடிக்கணும், இல்லனா மரையைப் பிச்சுக்கிட்டு வரும். 16 எம்எம் எஸ்எஸ் போல்ட் வாங்கினா பெரும்பாலான செட்டப்புக்குச் சரியா வரும், 0.8 மரை தான் எல்லா இடத்துலயும் கிடைக்கிற சாதா எம்5.

ரொம்ப நீளமா போட்டாலும் வம்பு. சீட் டியூப்ல (சீட்டுக்குக் கீழ பெடல் வரைக்கும் இறங்குற குழாய்) மாட்டினா போல்ட் நுனி உள்ள போய் சீட் போஸ்ட்டை முட்டும், சீட்டை இறக்கப் போனா இறங்காது, இல்லனா போஸ்ட்ல நேரா ஒரு கீறல் கோடு விழும். திடீர்னு சீட் இறங்க மாட்டேங்குதுன்னு யாராவது புலம்பினா புதுசா பம்ப் மாட்டினீங்களான்னு தான் நான் முதல்ல கேப்பேன். டவுன் டியூப்ல உள்ள கேபிள் ஓடுற ஃப்ரேமா இருந்தாலும் நீள போல்ட் வேண்டாம்.

மேல் போல்ட் சேருது, கீழ் போல்ட் சேரல

ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல தூரம் 64 எம்எம், உலகம் முழுக்க அதே தான், அதனால பிராக்கெட் தப்பா செஞ்சிருப்பாங்கன்னு நினைக்காதீங்க. ஒரு போல்ட்டை முழுசா டைட் பண்ணிட்டு அடுத்ததைத் தேடினா இப்படித் தான் ஆகும். ரெண்டையும் கையாலயே நாலு சுத்து இறக்கிட்டு அப்புறம் கீயைத் தொடுங்க. ஒத்தை ஓட்டை மட்டும் இருக்கிற குட்டி பிராக்கெட்னா கேஜ் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு கோணலா நிக்கும், அடுத்த ஓட்டைல அதே தடிமனுக்கு வாஷர் அடுக்கிச் சமம் பண்ணிடுங்க.

தொடை இடிக்குது, ஷூ இடிக்குது, பாட்டில் வெளிய வரல

சைக்கிளை ஸ்டாண்டுல நிறுத்தி பெடலை பின்பக்கமா மெதுவா சுத்திப் பாருங்க, கிராங்க் (பெடல் மாட்டியிருக்கிற கை) எங்கயாவது பம்ப் முனையை உரசுதான்னு. உரசினா பம்பைக் கிளிப்லயே மேல நகத்துங்க. வலது பக்கம் செயின் ரிங் (பெடல்கிட்ட இருக்கிற பெரிய பல் சக்கரம்) இருக்கிறதால அங்க இடம் கம்மி, செயின் கிரீஸும் பம்ப் மேல தெறிச்சுக்கிட்டே இருக்கும், அதனால என்னைக் கேட்டா இடது பக்கம், டவுன் டியூப். சீட் டியூப்ல மாட்டினா தொடைக்கு நேரா வரும், மெல்லிசான பம்ப்னா தெரியாது, தடிச்ச பம்ப்னா ஒவ்வொரு சுத்துக்கும் உரசி எரிச்சலாகும். முன்பக்கம் கியர் மாத்துற டீரெய்லர் சீட் டியூப்ல கிளாம்ப் போட்டு இருந்தா அதுவும் இடிக்கும்.

சின்ன ஃப்ரேம்ல பாட்டிலும் பம்பும் ஒண்ணுக்கொண்ணு மல்லுக்கு நிக்கும். சைடுல இழுத்து எடுக்கிற மாதிரி கேஜ் போட்டா பாதி தீர்ந்துடும்.

பம்ப் மாட்டினதுல இருந்து பின் பிரேக் இழுக்குது

இது முழு நீள ஃப்ரேம் பம்ப்காரங்களுக்கு. மேல் பாருக்கு அடில கேபிள் ஓடுற சைக்கிள்ல பம்பை அந்தக் கேபிள் மேலயே அழுத்தி வெச்சிருப்பீங்க, கேபிள் ஒரு பக்கம் தள்ளப்பட்டு பிரேக் லேசா பிடிச்ச மாதிரியே இருக்கும். பம்பைக் கழட்டிட்டு சக்கரத்தைச் சுத்தி விடுங்க, ஃப்ரீயா சுத்தினா பம்ப் தான் காரணம். சீட் டியூபுக்கு முன்னாடி செங்குத்தா மாத்தி வைக்க முடியுமான்னு பாருங்க, பாட்டில் கேஜ் ஒண்ணை விட்டுக்கொடுக்கணும்.

இந்த வகை அடிக்கடி கழண்டு விழுதுன்னா சைஸ் தப்பு. ஃப்ரேமுக்குள்ள பம்ப் உக்கார்ற ரெண்டு முனைக்கும் நடுவுல டேப் வெச்சு அளந்துட்டு வாங்கணும், ஹெச்பிஎக்ஸ் மாதிரி பம்ப்லாம் பல நீளத்துல வரும். மாட்டினப்புறம் ஸ்பிரிங் நல்லா அமுங்கி நிக்கணும், சும்மா தொட்டுக்கிட்டு நின்னா முதல் குழிலயே எகிறிடும். பின் சஸ்பென்ஷன் இருக்கிற சைக்கிளுக்கு இந்த ஐடியாவே சரிப்படாம போகலாம், அசையிற பாகத்துக்கு நடுவுல பம்பை முட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

பெயிண்ட் உரிஞ்சு போச்சு

உரசுறது பிளாஸ்டிக் இல்ல, நடுவுல மாட்டின மண்ணு தான். ஸ்ட்ராப் கட்டுற இடத்துல கண்ணாடி மாதிரி இருக்கிற ஃப்ரேம் புரொடெக்ஷன் டேப் ஒட்டிட்டு அது மேல கட்டுங்க, மழைல ஓட்டினா ஸ்ட்ராப்பை அவுத்து அடில துடைச்சிடுங்க.

ஃப்ரேம்ல ஓட்டையே இல்ல

நம்ம ஊர் பார் சைக்கிள், குழந்தைங்க சைக்கிள் எல்லாம் இந்த லிஸ்ட்ல வரும். பழைய ரோட்ஸ்டர் சில மாடல்ல பம்ப் மாட்டவே ஃப்ரேம்ல ரெண்டு குமிழ் பத்த வெச்சிருப்பாங்க, தூசி பெயிண்ட்டுக்கு அடில மறைஞ்சு கிடக்கும், தடவிப் பாருங்க. இல்லனா கிளாம்ப் தான் வழி. பழைய ஸ்டீல் ஃப்ரேம்ல டவுன் டியூப் பெரும்பாலும் 28.6 எம்எம் விட்டம் இருக்கிற வட்டக் குழாய், அதுக்குக் கிளாம்ப் சுலபமா கிடைக்கும். இப்ப வர்ற அலுமினிய ஃப்ரேம் டியூப் முட்டை மாதிரியும் முக்கோணமாவும் இருக்கிறதால வட்ட கிளாம்ப் பிடிக்காது, ஸ்ட்ராப்பே போதும். கார்பன்ல கிளாம்ப் போட்டு முறுக்குறது ரிஸ்க்.

சைக்கிளை விட்டுட்டு வந்தா பம்ப் காணோம்

ஸ்டேஷன் ஸ்டாண்ட்ல விடுறவங்க பம்பைக் கழட்டி பையில போட்டுக்கிறது தான் ஒரே வழி. கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டி வைக்கிறவங்களைப் பாத்திருக்கேன், பஞ்சர் ஆன அன்னைக்கு கட்டர் இல்லாம பல்லால கடிச்சுக்கிட்டு நிக்கணும்.

எல்லாம் கச்சிதமா மாட்டியிருக்கு, ஆனா தேவைப்பட்டப்ப காத்து ஏறல

மாட்டின இடம் தான் இதுக்கும் காரணம். முன் சக்கரம் அள்ளி வீசுற தண்ணியும் மண்ணும் நேரா டவுன் டியூப் மேல தான் விழுது. பம்ப் வாய் முன்பக்கம் பாத்து இருந்தா மழைக்காலம் முடியுறதுக்குள்ள உள்ள மணல் ரொம்பிடும். வாய் பின்பக்கம் சீட்டைப் பாக்கிற மாதிரி திருப்பி மாட்டுங்க, ரப்பர் மூடி இருந்தா போடுங்க, முன்னாடி மட்கார்டு இருந்தா பாதிக் கவலை விட்டுது.

கைப்பிடி எந்த எதிர்ப்பும் இல்லாம சும்மா போய்ட்டு வருதுன்னா உள்ள பிஸ்டன் ஓ-ரிங் காஞ்சு போச்சு. கழட்டித் துடைச்சு சிலிக்கான் கிரீஸ் லேசா தடவினா உயிர் வந்துடும். பழைய இரும்பு பம்ப்ல தோல் வாஷர் இருக்கும், அதை எண்ணெய்ல ஊற வெச்சு ஓரத்தை விரிச்சு விட்டுப் போடணும்.

எதிர்ப்பு இருக்கு, டயர்ல மட்டும் ஏறலன்னா வால்வைப் பாருங்க. கார் டயர் மாதிரி தடிச்ச ஷ்ரேடர் வால்வுக்கும் ஒல்லி பிரெஸ்டா வால்வுக்கும் பல பம்ப்ல வாய்க்குள்ள இருக்கிற ரப்பரைத் திருப்பிப் போடணும், பிரெஸ்டால நுனி நட்டை லூஸ் பண்ணாம அடிச்சா ஒரு துளி காத்து உள்ள போகாது. வால்டியூப் போட்ட பழைய வால்வுக்கு பிரெஸ்டா பக்கத்து வாய் பொருந்தும், நல்லா அழுத்திப் பிடிச்சு லீவரைப் போட்டா போதும். அப்படியும் ஏறலன்னா உள்ள இருக்கிற வால்டியூப் ரப்பர் ஒட்டிக்கிட்டு இருக்கும், கழட்டி புதுசு மாட்டுங்க.